கொஞ்ச நாள் பதுளையில் இருந்தோம்

பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம், சித்திரை பிறக்க இரண்டு கிழமை இருக்கும்போது, நான் பிறந்து வளர்ந்த இடத்தை இல்லையென்று சொன்னேன். ஒரு மாடி வீட்டுக்காகச் சொன்னேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. தலைக்கு மேல் காற்றாடி சுற்றியது. மெத்தை நாற்காலியில் சுகமாக உட்கார்ந்துகொண்டு சொன்னேன்!

அந்த வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்புத்தளை டவுனில் மண்ணெண்ணெய்க் கேனை வரிசையில் வைத்துவிட்டு, நான் பிளேன்டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் கேன் பத்து இடம் முன்னால் நிற்கிறது. யாரோ புண்ணியவான் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் தள்ளவில்லையே! அந்தப் பாவம் என்னைச் சேராது. என்னைச் சேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் சுப்பையா. வயது எழுபத்தைந்து. பதுளை மாவட்டத்தில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன், அங்கேயே இருக்கிறேன். நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறி, தேயிலைச் செடிக்குத் தலை வெட்டியவன். எழுத்து வராது. பண்டாரவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவாராம். ஆக்கட்டும். பொய்யை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

என் ஒரே மகள் தனலட்சுமி. தனம் என்று கூப்பிடுவோம். கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். மருமகனுக்கு அங்கேயே ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு பேரும் ஒரே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறந்தால் அறையை விட்டுவிட வேண்டும் என்று அறைக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். நல்ல மனிதர், கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வெள்ளவத்தை உங்களுக்குத் தெரியுமா? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கடை. கோயில் மணி கேட்கும். தோசைக்கு வரிசை நிற்கும். தெருவில் தமிழில் சண்டை பிடிக்கலாம். அதனால் எல்லாருக்கும் அங்கேதான் வீடு வேண்டும். அங்கே வீடு தேடுவது, கச்சான் காற்று வீசிச் செடி காயும் மாதத்தில் தேயிலைக் கொழுந்து தேடுவது மாதிரி.

பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தால் குடும்பக்காரர்கள் என்று நம்புவார்கள் என்றாராம் தரகர். அப்படித்தான் நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

முதல் வீட்டில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். பதுளைப் பக்கம் தோட்டம் என்று தனம் பட்டென்று சொன்னாள். அவள் அப்படித்தான். போன் பண்ணுகிறோம் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில், அதே போன் பண்ணுகிறோம். சிரிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். போன் வரவில்லை. மருமகன் தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டம் என்றதற்காகத்தான் இல்லையென்றார்களா? இன்றைக்கு யோசித்தால் எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அன்றைக்குக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்…

மூன்றாவது வீடு, ஒரு மாடிக் கட்டடம். கீழே வழவழவென்று தரை. செருப்போடு போகலாமா? வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு லிஃப்டில் ஏறினேன். காலடியில் தரை அசைந்தது. மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து ஆட்களை மூடிய பிறகு, தரை அசைந்தால் எங்கள் ஆட்களுக்குச் சும்மா நிற்க வராது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. நீளமான நடை, வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள், பக்கத்து வீட்டுச் சண்டை இந்த வீட்டில் கேட்கிறது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. எங்கள் தோட்டத்து வரிசை வீட்டை, லயத்தைத்தான் நிமிர்த்தி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்காரம்மா பெயர் பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்து அம்மா. பிள்ளைகள் கனடாவில். அந்தக் கட்டடத்தில் அவருக்கு மூன்று வீடு. ஒன்றில் அவர் இருந்தார், இரண்டை வாடகைக்கு விடுவார். எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"குடியுங்கோ ஐயா. இது பதுளைத் தேயிலை," என்றார்.

பாலை ஊற்றி, சீனியைக் கொட்டி, தேயிலையைக் கொலை செய்திருந்தார். அந்தச் செடிக்குத் தலை வெட்டியது நானாகக்கூட இருக்கலாம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அது அன்றைய முதல் பொய். அதற்கு எனக்கு வருத்தமில்லை.

வீடு காற்றோட்டமாக இருந்தது. தனம் சமையலறைக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். அறைக்குள்ளேயே தண்ணீர்! ஜன்னலுக்கு மேலே தொட்டில் கட்ட ஒரு கம்பிகூட இருந்தது. அவள் அந்தக் கம்பியை எட்டித் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயாவுக்குச் சொந்த ஊர் எது?"

இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் லயத்தில் ஊர் என்றால் அப்புத்தளை இல்லை, பதுளை இல்லை. ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் பெரியவர்கள் புறப்பட்டு வந்த இடம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஊருக்குப் போய்விட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வோம். யாராவது செத்தால், கல்யாணம் பேசினால், எந்த ஊர்க்காரர் என்று கேட்பார்கள். நாமக்கல், முசிறி, துறையூர் என்று பதில் வரும். சொன்னவனும் அந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டான், கேட்டவனும் பார்த்திருக்க மாட்டான். நாங்கள் இருப்பது தோட்டம். ஊர் என்பது வேறே.

ஆகவே நான் யோசிக்காமல் சொன்னேன்.

"துறையூருங்க. திருச்சிப் பக்கம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் பொய் சொல்லவில்லை! என் அப்பா துறையூரில் பிறந்தவர். சாகும்வரை துறையூர் ஏரியைப் பற்றியே பேசினார். மழை பெய்தால் ஏரி நிறைந்திருக்கும் என்பார். வெயில் அடித்தால் ஏரி வற்றியிருக்கும் என்பார். கேட்டுக் கேட்டு என் அம்மா ஒரு நாள் சட்டியைத் தூக்கி எறிந்தாள்.

வீட்டுக்காரம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது.

"திருச்சியோ? நாங்களும் சண்டைக் காலத்தில அஞ்சு வருஷம் திருச்சியில இருந்தனாங்கள். உறையூரில. நல்ல சனம், ஐயா. மலைக்கோட்டைக்கு ஏறுறனீங்களோ?"

"மலை ஏறுறது பழக்கந்தாங்க," என்றேன்.

"துறையூரில இருந்து திருச்சிக்கு எதில வருவியள்? பஸ் இருக்குத்தானே?"

அப்பா சொன்னதுதான் எனக்குத் தெரியும். "மாட்டு வண்டிதாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது. இந்த அம்மா என்னை இந்தியாக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்…

தனத்துக்கும் புரிந்துவிட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தடவையாகத் தோட்டம் என்று சொல்லப் போகிறாள். தொட்டில் கம்பி என் கண்ணில் பட்டது.

தண்ணீர் தாருங்கள் என்று கேட்டேன். தாகம் இல்லை. மகளின் வாயை அடைக்கத்தான் கேட்டேன்.

அந்த அம்மா தண்ணீரோடு திரும்பி வந்தார். "தரகர் பதுளை எண்டு சொன்னவர். அது என்ன?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? கேள்வியே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது!

"கொஞ்ச நாள் பதுளையில இருந்தோமுங்க," என்றேன்.

கொஞ்ச நாள்! அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது.

வீடு கிடைத்தது. ஒப்பந்தத்தைத் தரகர் எழுதினார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், எங்கள் விலாசத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். லிஃப்டில் இறங்கும்போது தனம் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பா, கொஞ்ச நாளுன்னா எத்தன நாளு?"

"ஊருதானேம்மா கேட்டாங்க. நம்ம ஊரு அதுதானே."

"நீங்க சொன்னத நீங்களே ஒரு நாளைக்குப் போய்த் திருப்பிச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

கீழே என் செருப்பைக் காணவில்லை. காவலாளி யாரோ விட்டுப்போன பழசு என்று எடுத்து வைத்திருந்தான். அது போன தீபாவளிக்கு வாங்கிய செருப்பு.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. பேத்தி பிறந்தாள். பரமேஸ்வரி அம்மா அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு திருச்சிப் பெட்டை என்று கொஞ்சினார். மாதம் ஒருமுறை நான் பேத்தியைப் பார்க்கப் போவேன். மாதாமாதம் இந்தியாவிலிருந்து விமானம் ஏற எனக்கு ஏது காசு என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. போகும்போதெல்லாம் எனக்குப் பரீட்சை! உங்கள் பக்கம் மழை எப்படி, அரிசி எப்படி, காவிரியில் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். நான் ஏரி நிறைந்திருக்கிறது என்பேன். அதுதானே எனக்குத் தெரியும். ஒரு முறை தோட்டத்திலிருந்து நல்ல தேயிலை கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, இதை இந்தியாவில் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். என் மனைவி மீனாட்சி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பிள்ளையை அப்போதுதான் குளிப்பாட்டி முடித்திருந்தாள்.

நானும் சிரித்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பார்த்தீர்களா, எவ்வளவு லேசாக நினைத்தேன்!

இனித்தான் என் தப்பு வருகிறது. இதுவரை சொன்னது அதற்கு வழி.

பேத்திக்கு ஒரு வயது முடிந்த சமயம். தனமும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். மீனாட்சி பிள்ளையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பரமேஸ்வரி அம்மா வந்து கதவைத் தட்டினார். இரண்டாம் மாடி வீடு காலியாம், பார்க்க ஆள் வந்திருக்கிறதாம், நான் ஒருமுறை வந்து ஆளைப் பார்க்க வேண்டுமாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"மலைநாட்டுப் பெடியன். நீங்கள் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் இருந்தனீங்கள்தானே, தெரிஞ்ச ஆக்களோ எண்டு பாருங்கோ," என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

உள்ளே ஜன்னல் பக்கம் நின்றது செல்வராஜ்.

செல்வராஜ் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த அறையில், காம்பரா என்போம், அதில் இருந்தவன் காத்தமுத்து, அவன் மகன். எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக அழுதால், மீனாட்சி இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே தாலாட்டுவாள். அவன் அந்தப் பக்கம் தூங்குவான். பேசத் தொடங்கியதிலிருந்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். அவன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தப் பெண்ணும் இப்போது அவன் பக்கத்தில் நின்றாள். கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் அவனுக்கு வேலை, இந்த வீட்டிலிருந்து நடந்தே போகலாம். தரகர் கூட்டிவந்திருக்கிறார். தனம் வெள்ளவத்தையில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இந்தக் கட்டடம் என்று தெரியாது.

என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. சித்தப்பா என்று கூப்பிட வாய் திறந்தது. நான் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"தெரியுமோ ஐயா?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க. யாருன்னு தெரியல."

இந்த இடத்தில் தபால்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கள் என்கிறேன். யாருன்னு தெரியல. அப்படியே எழுதுங்கள்.

ஏன் சொன்னேன்? தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார். ஒரே லயம் என்று வரும். துறையூர் போகும், பதுளை வரும், மகளின் வீடு போகும்… இவ்வளவும் ஒரு மூச்சில் ஓடியதா? இல்லை. சும்மா சொல்கிறேன். யோசிக்கவே இல்லை. வாய் பழகியிருந்தது. அவ்வளவுதான்.

செல்வராஜ் வாயை மூடிக்கொண்டான். அவன் மனைவி தரையைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான், அந்த அம்மாவைப் பார்த்தான், பிறகு மெதுவாகச் சிரித்தான். கெட்டிக்காரப் பிள்ளை. எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு.

"வணக்கங்க ஐயா. ஐயா எந்த ஊருங்க?"

இனி எங்கே ஓடுவேன்? "துறையூருங்க," என்றேன்.

"நல்ல ஊருங்க. எங்க சித்தப்பா ஒருத்தரும் அந்த ஊருன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

இருந்தாரு என்றான். இருக்கிறார் என்று சொல்லவில்லை என்பது என் காதில் விழுந்தது.

பிறகு மரியாதையாக வீட்டைச் சுற்றிப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று அந்த அம்மாவிடம் கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்கும் ஒரு கும்பிடு போட்டான்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே. தோட்டத்து ஆட்களுக்கு வீடு கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "திருச்சியில நாங்கள் வீடு தேடேக்க ஏழு வீட்டில சிலோன்காரருக்கு இல்லை எண்டவை. அந்த வெயிலில பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு திரிஞ்சனான். நான் ஆரையும் அப்பிடிச் சொல்லுவனே? தண்ணிப் பைப்பைப் பூட்டிப்போட்டு வெளியில போற ஆக்களா இருந்தால் எனக்கு அதுவே காணும்."

பிறகு ஏன் ஊர் கேட்டார்? சும்மா, பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்! தேநீர் கொடுத்துவிட்டு வேறு என்ன கேட்பது? அவ்வளவுதான் அந்தக் கேள்வி. அன்றைக்குத் தனம் சொல்லியிருந்தாலும் வீடு கிடைத்திருக்கும். நான் தண்ணீர் கேட்டிருக்கவே வேண்டாம்…

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். செல்வராஜும் மனைவியும் வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். லிஃப்டில் இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். நான் கூப்பிடவில்லை. ஓடவில்லை. அந்த அம்மா பக்கத்தில் நின்றார் என்று சாக்குச் சொல்லலாம். அவர் அதற்குள் போய்விட்டார்.

மறுநாள் வேறு இடம் கிடைத்துவிட்டது என்று அவன் போனில் சொன்னானாம். நல்ல பிள்ளைகள், வந்திருக்கலாமே என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். அவன் இப்போது வத்தளையில் இருக்கிறான். வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் மகளுக்குக் கீழ் வீட்டில் இருந்துகொண்டு என்னை யாரென்று தெரியாதவன் மாதிரிப் படி ஏறி இறங்க, அவனால் முடியாது என்று நினைக்கிறேன். என்னால் முடிந்திருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

போன மாரியம்மன் திருவிழாவுக்கு அவன் தோட்டத்துக்கு வந்தான். எல்லாரையும் மாமா, அத்தை, சின்னம்மா என்று முறை சொல்லி விசாரித்தான். மீனாட்சியைக் கட்டிக்கொண்டான். என்னிடம் வந்தான்.

"துறையூர் ஐயா, சாப்டீங்களா?"

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது எல்லாரும் என்னைத் துறையூர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால்காரன்கூட. எதனால் இந்தப் பெயர் என்று கேட்டவர்களிடம், செல்வராஜ் அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தனத்திடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. எனக்கு அவன் மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும். வரவில்லை. அவன் வந்த அன்று எனக்குக் கை நிறையப் பட்டாணியும் கொடுத்தான், கொறித்துக்கொண்டே திருவிழா பார்த்தேன்.

பரமேஸ்வரி அம்மாவிடம் போய்ச் சொல்லலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். ஊர் விஷயத்தைச் சொன்னால் அவர் சிரித்துவிட்டுத் தேநீர் போடுவார். ஆனால் அதற்கு அடுத்ததாக, அன்றைக்கு ஜன்னல் பக்கம் நின்ற பிள்ளை யார் என்றும் சொல்ல வேண்டுமே. மூன்று தடவை அதற்கென்றே ரயில் ஏறினேன். மூன்று தடவையும் ஏரி நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. இந்தத் தடவை உண்மையாகவே தெரியாது.

உங்களில் யாராவது வத்தளைப் பக்கம் போவீர்கள். கம்ப்யூட்டர் திருத்தும் செல்வராஜ், அப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளை, காத்தமுத்து மகன் என்று விசாரித்தால் காட்டுவார்கள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த அம்மா அன்றைக்குத் தெரியுமோ என்று கேட்டதற்கு நான் பதில் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். "தெரியுமுங்க. எங்க வீட்டுப் புள்ள." இவ்வளவுதான். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

அதற்கு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.